ஆச்சு என்று சொல்லும் பெட்டி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சொல்ல வந்ததை நடுவில் மறந்துவிடுவேன், கடைசியில் ஞாபகம் வந்தால் அங்கேயே ஒட்ட வைப்பேன். எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் புரோகிராம் எழுதுகிற முரளி என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். ஆபீசுக்கு வந்து பேசுங்கள் என்று கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழாது. எழுதுவதென்றால் பாதகமில்லை, நான் தலையைக் குனிந்துகொண்டே இருக்கலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பேர் மரகதம். காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். முட்டி தேய்ந்து சரிவில் ஏற முடியாமல் போனபோது, மலைமேல் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிற நம் ஆபீசில் சேர்த்துக்கொண்டார்கள். டீ போடுவதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கில்லையாம். எஸ்டேட்டுகளுக்காக இங்கே எழுதுகிற புரோகிராம்களை எல்லோருக்கும் முன்னால் தொட்டுப் பார்க்கிற வேலை. நான் எங்கே முழிக்கிறேன், எங்கே தப்பான இடத்தை அமுக்குகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். தப்பு செய்வதற்குச் சம்பளம் கொடுத்த ஒரே இடம் இதுதான். நான் வேலையை விட்டு நின்ற பிறகு இப்போது அதே நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கிவிட்டவள் என்னைவிட மிகவும் இளையவள். சேலத்துப் பெண். இங்கே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். தன் பேரைப் போட்டு எழுதினால் இனிமேல் போன் எடுக்க மாட்டேன் என்று மிரட்டியிருக்கிறாள், அதனால் அந்தப் பொண்ணு என்றே எழுதுகிறேன். நான் சேர்ந்த புதிதில் எது கேட்டாலும் "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நல்லா இருக்குதுன்னு சொல்றதுக்கு எங்க அம்மா ஊட்டுல இருக்காங்க. நீங்க எரிச்சல் வந்தா மூஞ்சியச் சுளிங்க, அது போதும்" என்றாள். வாயைத் திறக்க வேண்டாம், மூஞ்சியைச் சுளித்தால் போதும் என்று ஒரு வேலை! அன்றைக்குத்தான் எனக்குப் பயம் தெளிந்தது.

புரோகிராம் எழுதுகிற பிள்ளைகளுக்குள்ளே ஒரு சண்டை ஓயாமல் நடக்கும். உங்கள் காலத்திலும் நடக்கும். எந்த மொழி வேகமான மொழி என்பதுதான் அது. மொழி என்றால் தமிழ், தெலுங்கு இல்லை. கம்ப்யூட்டருக்கு இப்படிச் செய் அப்படிச் செய் என்று எழுதிக் கொடுக்கிற மொழி. அதில் நூறு வகை இருக்கிறதாம். முரளிக்குப் பிடித்தது பைத்தான். அந்தப் பொண்ணுக்குப் பிடித்தது ரஸ்ட். முன்னதுக்கு மலைப்பாம்பு என்றும் பின்னதுக்குத் துரு என்றும் அர்த்தம் என்று அவர்களே சொன்னார்கள். "மலப்பாம்ப எடுத்துட்டுத் துருவ வெக்கறதுக்கா சாமி இத்தன சண்ட?" என்று நான் கேட்டுவிட்டு, கேட்டதற்கு வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அன்று முழுக்க இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சண்டை ஒரு தாயை ரோட்டில் நிறுத்தின கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் சாயந்தரம் என்ன நடக்கும் என்று உங்களில் மலைக்குக் கீழேயிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தியும் பறித்த பழத்தைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு எடைக் கொட்டாய்க்கு வருவாள். அங்கே வரிசை நிற்கும். எடை போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். நான் சொல்கிற எஸ்டேட்டில் பாதிப் பேர் கொட்டச்சேடு என்கிற ஊர்க்காரர்கள். அவர்களுக்குச் சாயந்தர பஸ் ஒன்றுதான். பஸ் வருகிறபோது மேல் வளைவில் டிரைவர் ஹாரன் அடிப்பார். ஹாரன் கேட்டால், வரிசையில் முன்னால் இருப்பவர்கள் எடையை முடித்துக்கொண்டு ஓடிவிடலாம். பின்னால் இருப்பவர்கள் நடக்க வேண்டியதுதான். பொழுது சாயும் நேரத்தில் அந்த ரோட்டில் காட்டெருமை இறங்கி நிற்கும்.

அந்த வரிசையில் சுமதி என்று ஒரு பெண். கைக்குழந்தைக்காரி. குழந்தையைக் கொட்டச்சேட்டில் மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். அது புட்டிப்பால் குடிக்காது. காலையில் இவள் கொடுத்துவிட்டு வந்தால், சாயந்தரம் இவள் போய்ச் சேருகிற வரைக்கும் கஞ்சித் தண்ணீரை வைத்துக்கொண்டு மாமியார் போராட வேண்டும். புருஷனுக்குச் சேலத்தில் ஓட்டல் வேலை. இவள் பறித்துக் கொண்டுவருகிற கூலியில்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்த பஸ் என்பது வெறும் பஸ் இல்லை.

எடைக் கொட்டாயில் முரளி எழுதின புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. எடை மிஷினோடு சேர்த்து ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு திரை. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருத்தர் உட்கார்ந்து பட்டனை அமுக்குவார். அமுக்கினதும் திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றி முடிந்தால் எடை பதியும். அது சுற்றுகிற நேரத்தைப் பார்த்துப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். பாப்பாத்தி என்று ஒருத்தி, வாய்த் துடுக்கு அதிகம்.

"ஏனுங்க ரைட்டரே, செக்கு சுத்தறாட்டம் இருக்குது. எண்ணெய் எப்பங்க வரும்?" என்பாள்.

அந்தப் பேச்சு ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பொண்ணு மொத்தத்தையும் ரஸ்டில் திருப்பி எழுதுகிறேன் என்றாள். மழைக்காலம் முழுக்க எழுதினாள். மேலே மூடுபனியில் ஜன்னலே தெரியாது, இவள் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பாள். வட்டத்தை எடுத்துவிட்டாள். பட்டனையும் எடுத்துவிட்டாள். பெண்கள் கழுத்தில் தொங்குகிற அட்டையைப் பெட்டிக்குக் காட்டிவிட்டுச் சாக்கை மிஷின்மேல் வைத்தால் போதும். எடை ஆடாமல் நின்றதும் பெட்டி தானாகவே பதிந்துகொண்டு அடுத்த ஆளுக்குத் தயாராகிவிடும்.

ஆபீசில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டி நடத்தினோம். ஒரு இரும்பு எடைக்கல்லைத் தூக்கி வைப்பேன், எடுப்பேன். பழையது சுற்றிக்கொண்டிருக்கும்போதே புதியது முடித்துவிடும். முரளிக்கு முகம் சுண்டிவிட்டது, இருந்தாலும் அவனே முதலில் கை தட்டினான். இவ்வளவு வேகமானதற்கு ரைட்டர் எதற்கு என்று எஸ்டேட்காரர்கள் அவரைப் பழம் உரிக்கிற மிஷினுக்கு மாற்றிவிட்டார்கள். புதுப் பெட்டி வேலை செய்யத் தொடங்கின அன்று சாயந்தரம் கீழே பேக்கரியிலிருந்து கேக் வாங்கி வந்து வெட்டினோம்.

நாங்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது அங்கே வரிசை நகரவில்லை.

மறுநாள் காலையில் எஸ்டேட் மேனேஜர் போனில் கத்தினது பக்கத்து மேசையில் இருந்த எனக்கே கேட்டது. "இன்னிக்கும் இதே கதைன்னா பெட்டியக் கழட்டிக்கிட்டுப் போயிருங்க. பொம்பளைங்க பாதிப் பேரு பஸ்ஸ உட்டுட்டாங்க."

நம் ஆட்கள் உடனே கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். எங்கே மெதுவாகிறது என்று தேடினார்கள். எங்குமே மெதுவாக இல்லை. முரளி பாவம், எதிரியாக இல்லாமல் கூடவே உட்கார்ந்து, "இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் கொறைக்கலாமா பாரு" என்று தேடிக்கொடுத்தான். கண் சிமிட்டுகிற நேரத்தில் நூற்றில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். எடைக்கல்லைத் திரும்பத் திரும்ப என்னைத் தூக்கி வைக்கச் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருந்தது. மத்தியானம் ஆனது. சாயந்தரம் வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பொண்ணு சட்டென்று கம்ப்யூட்டர் மூடியைச் சாத்தினாள். "அக்கா, கெளம்புங்க. இங்க உக்காந்தா ஒண்ணும் தெரியாது" என்றாள். முரளி வண்டியை எடுத்தான். மூன்று பேரும் போனோம்.

நெருக்கடியில் அவள் எடுத்த அந்த முடிவைத்தான் நான் இன்றைக்கும் பெரிதாக நினைக்கிறேன். கையில் இருந்த கொஞ்ச நேரத்தையும் சரிசெய்வதற்குச் செலவழிக்காமல் பார்ப்பதற்குச் செலவழித்தாள். எல்லோருக்கும் அது வராது. கை பரபரக்கும்.

கொட்டாயில் சுமதி இன்னும் வரவில்லை, பறிக்கப் போயிருந்தாள். வரிசைக்கு முதலில் வந்தவள் பாப்பாத்திதான். எங்களைப் பார்த்ததும் சாக்கை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"வாங்க வாங்க மரகதக்கா. நேத்து உங்க பொட்டி பண்ணுன வேலைக்கு எருமையெல்லாம் எங்களுக்குத் தொணைக்கு வந்துதுங்க."

"என்னாச்சு பாப்பாத்தி?" என்று கேட்டேன்.

"என்னத்த ஆச்சு! பஸ் போயிருச்சு. நடந்தம். சில்வர் ஓக்கு மரத்துக்கிட்ட ஒண்ணு நின்னுக்கிட்டிருந்துது. இந்தா பெருசு. அசையவே மாட்டீங்குது. நாங்களும் நிக்கறம், அதுவும் நிக்குது. சுமதி அழுவறா. எருமைக்குப் பயந்துன்னு நெனச்சனுங்க. பாத்தா ரவிக்கையெல்லாம் பால் நனஞ்சு கெடக்குது. அங்க புள்ள பசிச்சு அழுவும், இங்க இவளுக்குக் கட்டிக்கிட்டு வலிக்குது. ஊடு போயிச் சேரச்சே புள்ள அழுது அழுது தூங்கியே போச்சாமா."

அந்தப் பொண்ணு சரிவில் வந்துகொண்டிருந்த பெண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுமதி வந்தாள். சாக்கு தலையில் இருந்தது. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "இன்னிக்கு ஒரு நாளுங்கக்கா. நாளையிலிருந்து நான் வரலீங்க. புள்ளையப் பாக்கோணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

அந்தப் பொண்ணு பாப்பாத்தியிடம், "அக்கா, உங்க மூட்டைய நான் போடட்டுங்களா?" என்றாள்.

"போடு அம்மிணி. தலையில தூக்குனீன்னா களுத்து சுளுக்கிக்கும், இடுப்புல வெச்சுக்க."

பாப்பாத்தியின் அட்டையைப் பெட்டிக்குக் காட்டினாள். சாக்கை எப்படியோ தூக்கி மிஷின்மேல் வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள். சாக்கு சாய்ந்துவிடக் கூடாது என்று அதன் கழுத்தைக் கையில் பிடித்திருந்தாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பிடிப்போம். சாக்கு உருண்டால் பழம் கொட்டிப்போகும், பக்கத்துச் சாக்கோடு மாறியும் போகும். எடை முடிந்தது என்று தெரியும் வரைக்கும் யாரும் சாக்கின் கழுத்திலிருந்து கையை எடுக்க மாட்டோம். பறிக்கப் பழகினபோதே இதுவும் பழகினது.

திரையில் எண் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏன் அம்மிணி, நீ எளுதுனதுதான? உனக்கே தெரியலையா?" என்று பாப்பாத்தி கேட்டாள். பின்னாலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தன் கையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள்.

"முரளி, என்ற கை இருக்கறதுனால எண்ணு ஆடுது. எண்ணு நிக்கோணும்னு பொட்டி காத்துக்கிட்டு இருக்குது. பொட்டி முடிச்சாத்தான் நான் கைய எடுப்பேன். நான் அதுக்குக் காத்திருக்கறேன், அது எனக்குக் காத்திருக்குது."

முரளி தலையில் அடித்துக்கொண்டான். இப்படி ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு இரண்டும் அசையாமல் நிற்பதற்கு அவர்கள் படிப்பில் ஒரு பேர் இருக்கிறதாம். சொன்னார்கள், மறந்துவிட்டேன். எனக்கு ரோட்டில் நின்ற சுமதியும் காட்டெருமையும்தான் ஞாபகம் வந்தது.

அந்தப் பொண்ணு கையை எடுத்தாள். எண் நின்றது, பதிந்தது, அடுத்த ஆளுக்கு மாறிவிட்டது. எல்லாம் ஒரே வீச்சில். அதைப் பார்த்துப் பாப்பாத்தி, "அய்யய்யோ, அளிஞ்சு போச்சு, திருப்பிப் போடு" என்று சாக்கைப் பிடித்தாள். நேற்று எல்லோரும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். பதியும் முன்னால் கையை எடுக்கவில்லை. பதிந்த பிறகு அதை நம்பவில்லை.

"முன்னயெல்லாம் முடிஞ்சுதுன்னு எப்படிங்க தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டாள் அந்தப் பொண்ணு.

நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். "ரைட்டர் சொல்லுவாருங்க. கைய எடு. இத்தன கிலோ. ஆச்சு."

அவ்வளவுதான் விஷயம். அந்த வட்டம் சுற்றின காலத்தில், பட்டன் அமுக்கின கையோடு ரைட்டர் சொல்லிக்கொண்டிருந்த மூன்று வார்த்தை. அதை யாரும் வேலை என்று கணக்கில் எடுக்கவில்லை. சொல்லிக்கொண்டிருந்தவருக்கே அது ஒரு வேலை என்று தெரிந்திருக்காது. புதுப் பெட்டியில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. ஆபீசில் நாங்கள் வைத்துப் பார்த்தது எடைக்கல். இரும்புக்குக் கை கிடையாது. யார் சொல்லுக்கும் அது காத்திருக்காது.

ரைட்டரைக் கூப்பிடலாம் என்றால் அவர் பழம் உரிக்கிற மிஷின் வீட்டில் இருந்தார், அது தூரம். வரிசை வளர்ந்துகொண்டே போனது. அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தாள். முரளியும் பார்த்தான். அத்தனை பேர் முன்னால் நான் சத்தம் போட்டுப் பேசினதே இல்லை. கல்யாண வீட்டில் சோறு வேண்டும் என்று கேட்கக்கூடக் கூச்சப்பட்டுப் பக்கத்து இலைக்காரியைவிட்டுக் கேட்கச் சொல்கிறவள் நான்.

வரிசையின் கடைசியில் சுமதி தெரிந்தாள். ரோட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் போய் மிஷின் பக்கத்தில் நின்றேன். "கைய எடு பாப்பாத்தி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"கேக்கலீங்கக்கா! நாங்களென்ன பொண்ணா பாக்க வந்துருக்கறம்? சத்தமாச் சொல்லுங்க" என்றாள் அந்தக் கழுதை.

எல்லோரும் சிரித்ததில் எனக்குக் கூச்சம் கொஞ்சம் உடைந்தது. "கைய எடு" என்றேன். எண் நின்றது. படித்துச் சொன்னேன். "ஆச்சு, தூக்கு" என்றேன். தூக்கினாள். அடுத்தவள் வைத்தாள். கைய எடு கண்ணு. ஆச்சு. கைய எடுங்க. ஆச்சுங்க. வரிசை நடக்க ஆரம்பித்தது. முரளி சாக்கை இறக்கிக் கொடுத்தான். அந்தப் பொண்ணு ஓரமாக நின்று பெண்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல் வளைவில் ஹாரன் அடித்தபோது சுமதி சாக்கை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. "கைய எடு சாமி" என்றேன். எடுத்தாள். எடையைச் சொல்லி, "ஆச்சு, ஓடு" என்றேன். சாக்கைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். பஸ் நின்று கிளம்பின சத்தம் கேட்கும்வரை நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம். மறுநாள் காலையில் அவள் வேலைக்கு வந்திருந்தாள் என்று பாப்பாத்தி சொல்லி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன், அதுவும் நம் வேலையைச் சேர்ந்ததுதான்.

எல்லாக் கொட்டாயிலும் நான் போய் நிற்க முடியாது. பெட்டியே சொல்ல வேண்டும் என்று முடிவானது. முரளி முதலில் ஒரு 'பீப்' சத்தத்தை வைத்தான். பெண்களுக்கு அது பேட்டரி தீர்ந்துபோனால் மிஷின் கத்துகிற சத்தம் மாதிரி இருந்தது, சாக்கை மறுபடி எடுத்து வைத்தார்கள். அப்புறம் "பதிவு வெற்றிகரமாக நிறைவடைந்தது" என்று பெட்டியைப் பேச வைத்தார்கள். "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டாள் பாப்பாத்தி. கடைசியில் அந்தப் பொண்ணு, "ரைட்டர் சொன்ன வார்த்தையே இருக்கட்டும். அன்னிக்குச் சொன்ன மாதிரி அக்கா சொல்லட்டும்" என்றாள்.

சாமான் அறையில், வெளிச் சத்தம் வராமல் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு என்னை உட்கார வைத்தார்கள். முன்னால் மைக். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எல்லோரையும் வெளியே அனுப்பினாள், தானும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "நான் சுமதின்னு நெனச்சுக்குங்க. பஸ் வளவுல வந்துருச்சு. சொல்லுங்க" என்றாள்.

அவசரமாகச் சொன்னேன். "அக்கா, மெதுவா" என்றாள். மெதுவாகச் சொன்னேன். இரண்டையும் கொட்டாயில் போட்டுப் பார்த்தோம். அவசரக் குரலைக் கேட்டவர்கள் "என்னங்க?" என்று நின்றார்கள். நிதானமான குரலைக் கேட்டவர்கள் உடனே கையை எடுத்தார்கள். சொல்லுவது மெதுவாக இருந்தபோது வரிசை சீக்கிரமாகப் போனது. வேகம் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்லுவேன்.

எடைக்கு வேண்டிய எண்களையெல்லாம் சொல்லி முடித்தேன். அதற்கப்புறம் பெண்களின் பேர்களையும் சொன்னேன். அட்டையில் இருக்கிற நம்பரைச் சொன்னால் போதுமே என்று எஸ்டேட்டில் கேட்டார்கள். பேர் சொன்னால் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தாலும் திரும்புவார்கள், நம்பர் சொன்னால் திரும்ப மாட்டார்கள் என்று அந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்துச் சம்மதம் வாங்கினாள். ஒவ்வொரு பேரையும் அவளவள் முகத்தை நினைத்துக்கொண்டு சொன்னேன்.

முரளி ஒரு வேலை செய்தான். அந்த மூன்று வார்த்தையைப் பழைய பைத்தான் பெட்டியிலும் போட்டு இன்னொரு கொட்டாயில் வைத்தான். அங்கேயும் வரிசை அதே மாதிரி ஓடியது. பஸ் வருகிறபோது இரண்டு இடத்திலும் வரிசை காலி. மலைப்பாம்பாக இருந்தாலும் துருவாக இருந்தாலும் சுமதிக்கு ஒன்றுதான். அதைப் பார்த்தபோது அந்தப் பொண்ணு முகம் வாடினது எனக்குத் தெரிந்தது. ஒரு மழைக்காலத்தையே கொடுத்து எழுதினவள் அல்லவா.

நான் ஆறுதல் சொல்லத் தெரியாமல் டீயை மட்டும் கொண்டுபோய் வைத்தேன். "சும்மாவா எளுதுன கண்ணு, உன்னாலதான அந்தக் கொட்டாய்க்குப் போயிப் பாத்தம்" என்றேன். "பாக்கறதுக்கு எதுக்கு அக்கா அத்தன எழுதோணும்?" என்று சிரித்தாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து மேலே காற்றும் மழையும் அடித்துக் கரண்ட் போய்ப் போய் வந்தது. எடைக்கு நடுவில் பெட்டி அணைந்துவிடும், மறுபடி எழும். பழைய பெட்டி எழுந்த பிறகும் புரோகிராம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நேரம் கழித்துத்தான் பேசும். அதற்குள் பெண்கள் நனைந்துவிடுவார்கள். அந்தப் பொண்ணு எழுதினது, பெட்டி எழுந்ததும் உடனே தயாராக இருந்தது. அவளுடைய வேகம் அங்கே ஒளிந்திருந்தது. எடைக்கல்லை வைத்துப் போட்டி நடத்தினபோது நாங்கள் யாரும் கரண்டை நிறுத்திப் பார்க்கவில்லை. முரளியே, "இனி எல்லா எடத்துலயும் உன்னுதையே போட்டுரலாம், மலப்பாம்புக்குக் குளுருது" என்றான். அவள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் ஒரு மொழி வேகமா இல்லையா என்று உங்களைக் கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். யாருக்கு, எந்த நேரத்தில் என்று திருப்பிக் கேளுங்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் கடிகாரம் பட்டன் அமுக்கினதிலிருந்து ஓடும். சுமதியின் கடிகாரம் சாக்கைத் தலையிலிருந்து இறக்கினதிலிருந்து குழந்தையை மடியில் எடுக்கிறவரைக்கும் ஓடும். நீங்கள் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பொண்ணு ஆபீஸ் சுவரில் பெரிதாக எழுதி வைத்துவிட்டுப் போனாளே, "ஹாரன் அடிக்கும்போது வரிசையில் யார் நிற்கிறார்கள்?" என்று. வெள்ளை அடித்தபோது அதை அழித்துவிட்டார்களா தெரியவில்லை. அழித்திருந்தால் திரும்ப எழுதிவிடுங்கள்.

போன மாதம் ஒண்டிக்கடையில் காய்கறி வாங்கப் போனபோது சுமதியைப் பார்த்தேன். அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது. ஒருநாள் சாயந்தரம் கொட்டாய்க்குக் கூட்டிப்போயிருக்கிறாள். "அதுலிருந்து பாத்துக்குங்க, சோறு தின்னு முடிச்சா உங்களாட்டமே 'ஆச்சுங்க'ன்னு இளுத்துச் சொல்றாளுங்கக்கா. சொல்லிப்போட்டுக் கையத் தூக்கிக் காட்டறா" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கத்தரிக்காயைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சில விஷயங்களில் எனக்குச் சந்தேகம். பைத்தான், ரஸ்ட் என்ற பேர்களை மாற்றி எழுதியிருந்தால் முரளி திருத்தட்டும். ஹாரன் அடிப்பது மேல் வளைவா அதற்கு முந்தினதா என்று பாப்பாத்தியைக் கேளுங்கள். இந்த வருஷம் பறிக்க வந்திருக்கிற புதுப் பெண்களின் பேர் பெட்டியில் இல்லை, அவர்களை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறது என்று கேள்விப்பட்டேன். அது நிஜமா என்று யாராவது கொட்டாய்க்குப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். நிஜமானால் அவர்கள் பேரையெல்லாம் கேட்டு வையுங்கள், ஒரு மத்தியானம் வந்து சொல்லிவிட்டுப் போகிறேன். கம்பளியைத் தொங்கவிட மறக்க வேண்டாம்.

மற்றபடி நான் எழுதினது சரியா தப்பா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை 'ஆச்சு' என்று சொல்லுங்கள். அதுவரைக்கும் நான் இதிலிருந்து கையை எடுக்க மாட்டேன்.